குறை சொல்லி விற்பவர்

துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் வந்தவர் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார்.

"ஒரு கண்ண மூடுனா போதும்ணே" என்றார் ஞானசிங்.

வந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். குழலுக்கு நேரே, எதிர்ச் சுவரில், முதலாளியின் ராஜாளி படத்துக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் மூடிக்கொண்டார்.

"இது சுடாது. உள்ள ஒண்ணும் கிடையாது. வாறவங்களுக்குத் தோள் அளவு பாக்கதுக்கு வச்சிருக்க கட்டையாக்கும். பச்சப்பிள்ளை கையிலகூடக் குடுக்கலாம்."

வந்தவர் தலையை ஆட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. செபம் சொல்கிறார் என்று ஞானசிங் நினைத்தார். நல்ல குடும்பம்தான்.

துபாயில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடைக்குத் தமிழர்கள் வருவதில்லை. வாங்குவதற்கு உரிமம் வேண்டும். அது அரபிகளின் சமாசாரம். ஞானசிங் வேலைக்குச் சேர்ந்த பிறகு உள்ளே வந்த இந்தியர்கள் என்றால் ஏசி பழுது பார்க்க வந்தவர்கள், கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள், பக்கத்துக் கடை என்று நினைத்து ஒன்பதாம் நம்பர் செருப்புக் கேட்ட ஒருவர். அதனால் அன்று மத்தியானத்துக்குப் பிறகு சாயம் பூசிய மீசையும் கட்டம் போட்ட சட்டையுமாக ஒரு தமிழர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தப்பு செய்துவிட்டவர்போல மிதியடி மேலேயே நின்றபோது, அவர் யார் என்பதில் ஞானசிங்குக்குச் சந்தேகமே வரவில்லை. ஜெகினின் தாய்மாமன்.

ஜெகின் குவைத்தில், அப்பாசியாவில் இருக்கிறான். லிஃப்ட் டெக்னீஷியன். ஞானசிங்கின் மகள் ஜெஸ்மி துபாயில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். மாதா கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் கிளிட்டஸ்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஜெஸ்மிக்கு இதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்ற இடம் வரைக்கும் வந்து, அப்பாவுக்கு என்ன வேலை என்ற இடத்தில் திரும்பிப் போயின. ஒரு மாப்பிள்ளை, சாமான் வீட்டிலும் இருக்குமா என்று கேட்டான். இன்னொருவனின் அம்மா, நாளைக்குப் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பேச்சு வந்தால் மாமனார் எப்படி வருவார் என்று கேட்டாள். மூன்றாவது இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஜெகின் வீட்டில் மட்டும் அப்படிச் சொல்லிவிடவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். முந்தின நாள் கிளிட்டஸ் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பையன் வீட்டிலிருந்து ஓர் ஆள் கடைக்கு வரும். வந்த ஆள் தான் யாரென்று சொல்லாது. ஞானசிங்கும் கேட்கக் கூடாது. துப்பாக்கி விற்கிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துவிட்டுப் போய்விடும். விசாரிப்பு என்றால் அப்படித்தான். ஞானசிங்கே தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மீன் வியாபாரிபோலப் போய் ஒரு தெருவையே விசாரித்தவர். ஓர் ஆள் என்றுதான் கிளிட்டஸ் சொன்னார். தாய்மாமன் என்பதை ஞானசிங் தானாகச் சேர்த்துக்கொண்டார். விசாரிக்கப் போவது வேறு யாராக இருக்க முடியும்?

"நான் வந்தது எதுக்குன்னா..." என்றார் வந்தவர், கண்ணை மூடியபடியே.

"தெரியும்ணே. சொல்லாண்டாம்."

வந்தவர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். ஞானசிங் கட்டையை வாங்கி வைத்துவிட்டு, வேட்டைக்காரர்கள் பாலைவனத்துக்குக் கொண்டுபோகும் மடக்கு நாற்காலிகளில் நல்லதாக ஒன்றை விரித்து அவரை உட்கார வைத்தார். பேரீச்சம்பழம் வந்தது. அரபிக் காப்பி வந்தது. குடித்து முடித்தவர் கோப்பையை லேசாக ஆட்டினால் போதும் என்று அர்த்தம். அவர் அதை அறியாமல் ஒவ்வொரு முறையும் கோப்பையை மரியாதையாக நீட்டினார். ஞானசிங்கும் ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஊற்றினார்.

பிறகு ஞானசிங் துப்பாக்கிகளைக் காட்ட ஆரம்பித்தார். அவர் காட்டுகிற விதம் அந்தக் கடைக்கு வருகிறவர்களிடையே பிரசித்தம். எதை எடுத்தாலும் முதலில் அதன் குறையைச் சொல்வார். இது கனம், மத்தியானத்துக்கு மேல் தோள் இறங்கிவிடும். இதன் மரம் நயமானது, ஆனால் மணல் பட்டால் முகம் வாடிவிடும். இதை நீங்கள் வாங்க வேண்டாம், உங்கள் வயிற்றுக்கு இந்த வார் எட்டாது.

இதை அவர் யாரிடமும் கற்கவில்லை. அவருடைய கடற்கரை ஊரில் ஆண்கள் மீன் பிடிப்பார்கள், பெண்கள் விற்பார்கள். விற்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. முதலாளியின் மீன்பிடிப் படகில் வேலைக்கு வந்தவர். ஒருமுறை முதலாளி படகில் விட்டுப்போன துப்பாக்கி உப்புக்காற்றில் துருப்பிடிக்க, ஞானசிங் தலைக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காயெண்ணெயைப் போட்டுத் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார். துப்பாக்கி ஒரு மாதம் மணத்தது. முதலாளிக்கு அந்த மணம் பிடித்துப்போனது. கடை திறந்தபோது படகிலிருந்து இறக்கி இங்கே நிறுத்திவிட்டார்.

ஞானசிங் தன் வாழ்க்கையில் துப்பாக்கி சுட்டதில்லை. கிறிஸ்துமஸ் வெடிக்கே கதவுக்குப் பின்னால் நிற்பவர். வாங்குகிறவர்கள் கேட்டால் அதையும் சொல்லிவிடுவார். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு குறை சொல்கிற ஆள், குறை சொல்லாமல் ஒன்றை நீட்டினால் அதை வாங்கிவிடலாம் என்று அண்ணன் தம்பிகளை அழைத்துவந்தார்கள். முதலாளிக்கு இது பெரிய தந்திரமாகத் தெரிந்தது. மற்றக் கிளைகளின் விற்பனையாளர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஞானசிங்கைப் பாடம் நடத்தச் சொன்னார். ஞானசிங் எழுந்து நின்றார். வெகுநேரம் யோசித்தார். "வாங்காதீங்கன்னு சொல்லணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிலிப்பினோ பையன்கள் கைதட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு கிளையில் விற்பனை பாதியாக விழுந்தது.

இன்று அவர் வழக்கத்துக்கு மேலேயே குறை சொன்னார். தாய்மாமன் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்த மனிதருக்குத் துப்பாக்கியில் ஆசை இல்லை. பூட்டிய கண்ணாடி அலமாரிகளைத் தாண்டி நடந்தபடி, இதெல்லாம் இரும்பு, இதெல்லாம் வெறும் மரம், வீட்டில் காய் வெட்டுகிற கத்தியைக்கூட ரெபேக்காள்தான் தொடுவாள் என்றார். ரெபேக்காள் யார் என்று வந்தவர் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னார். தன் மனைவி, பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. மகள் ஜெஸ்மி சாந்தமானவள். ஊசி போட்டால் வலிக்காது என்று நோயாளிகள் தேடி வருகிறார்கள். மீன் குழம்பில் மட்டும் புளி கொஞ்சம் கூடும். தனக்குச் சர்க்கரை உண்டு. குடி கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் மச்சான் வந்தால். குடும்பத்தில் யாருக்கும் பைத்தியம் கிடையாது.

வந்தவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு, தன் முறை வந்துவிட்டதைப்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கும் சர்க்கரை உண்டு என்றார். ஒரே பையன், எம்பிஏ. தான் வட்டி வாங்கியதில்லை. ஒருமுறை தெரியாமல் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதம் கட்டியாகிவிட்டது.

ஞானசிங்குக்கு மனம் குளிர்ந்தது. விசாரிக்க வந்தவர் தன்னைப் பற்றியும் சொல்கிறார் என்றால் பாதி முடிந்த மாதிரி.

அப்போது வெளியே பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழும்போது அவர் முகத்தில் தெரிந்தது பெரிய விடுதலை.

"அஸர் தொழுகைக்கு நேரமாச்சு. கை கால் கழுவி ஒளு எடுக்கணும். இங்கன தண்ணி எங்க இருக்கு?"

ஞானசிங் கையில் காப்பிக் குடுவையோடு நின்றார். அப்பாசியா ஜெகினின் தாய்மாமன் எதற்காக ஒளு எடுக்க வேண்டும் என்று கொஞ்சநேரம் யோசித்தார். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் அது சரியாக வரவில்லை.

தொழுதுவிட்டுத் திரும்பி வந்தவர் தன் பெயர் செய்கு அலாவுதீன் என்றார். பர் துபாய் மீனா பஜாரில் துணிக்கடை. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரான அரபியின் மகன் புதிதாக வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். அவனுக்குத் தோலில் செய்த துப்பாக்கி உறை ஒன்று அன்பளிப்பாகக் கொடுக்கலாம் என்று வந்தார். அவ்வளவுதான். புறப்படும்போது மகன் நுஃமான், அது ஆயுதக் கடை, கேள்வியெல்லாம் கேட்பார்கள், என்ன சொன்னாலும் சரி சொல்லிவிடுங்கள் வாப்பா என்று அனுப்பியிருக்கிறான். அதனால்தான் கட்டையைத் தோளில் வைக்கச் சொன்னபோது வைத்தார். குடும்பத்தைப் பற்றிச் சொன்னபோது அதுவும் சட்டமாக இருக்கும் என்று தன் குடும்பத்தைப் பற்றியும் சொன்னார்.

"நான் வேற ஆளுன்னு நெனச்சிட்டேன்" என்றார் ஞானசிங்.

உறையை எடுத்துக் கொடுத்தார். அதன் ஜிப் கொஞ்சம் மட்டம் என்று சொன்னார். அலாவுதீன் வேறு உறை கேட்டார். அதற்கு ஜிப் நல்லது, தோல் மட்டம் என்றார். அலாவுதீன் முதல் உறையையே வாங்கிக்கொண்டார். கதவருகே நின்று, உங்கள் பிள்ளைக்கு நல்ல இடமாக அமைய துஆ செய்கிறேன் என்றார். இனிமேல் காப்பி வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஞானசிங் அந்த மடக்கு நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அவர் மூச்சு விடுவதற்குள் கதவு மறுபடி திறந்தது. நாற்பது வயது தாண்டிய ஒரு நர்ஸ். யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர். அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது. மலையாளத்தில் ஒரு டார்ச் வேண்டும் என்றாள். மலையாளம் பேசுகிற நர்ஸ் என்றால் வேறு என்ன, கொல்லம் அல்லது பத்தனம்திட்டை என்று ஞானசிங் முடிவு செய்தார். தன் ஊர் நர்ஸுகளும் ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் மலையாளிகளிடம் பேசிப்பேசி இதே மலையாளம் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஜெஸ்மியே அப்படித்தான். ஆனால் அன்று அவருக்குத் தாய்மாமனைத் தவிர வேறு ஞாபகம் இல்லை.

டார்ச்சை எடுத்து வைத்தார். இது வேட்டைக்கானது, அரை மைல் அடிக்கும், வீட்டில் போட்டால் புருஷன் குருடாகிவிடுவான், பாட்டரியும் சீக்கிரம் தீரும், தெருமுனைப் பலசரக்குக் கடையில் சின்னது கிடைக்கும், அது போதும் என்று மலையாளத்தில் சொன்னார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே, ஏன் இப்படி வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள், உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

நர்ஸ் கேட்டால் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதோடு, எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்து ஆளிடம் சொன்னால் சொன்னது ஊருக்குத் திரும்பி வராது என்பது ஞானசிங்கின் நெடுநாள் நம்பிக்கை. அவளுக்கும் ஒரு நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

மகளுக்கு ஓர் இடம் வந்திருப்பதைச் சொன்னார். அவர்கள் ஆள் அனுப்புவதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடித்துவிட்டு நேராகக் கேட்டால் என்ன, எதற்குக் களவாணிபோல ஒளிந்து வர வேண்டும் என்று கேட்டார். நர்ஸ் அதுவும் சரிதான் என்றாள். தாய்மாமன்கள் பொதுவாகவே பந்தியில் முந்திக்கொண்டு உட்காருவதற்கும் கல்யாணத்தைக் கலைப்பதற்கும் மட்டும் பிறந்தவர்கள் என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உற்சாகமாகிப் போனில் மாப்பிள்ளையின் படத்தையும் காட்டினார். பையன் தங்கம், லிஃப்ட் வேலை, ஆனால் காது இரண்டும் காற்றுக்குப் பாய் விரித்த வள்ளம்போல நிற்கிறது, பிள்ளைகளுக்கு வராமல் இருக்க வேண்டும் என்றார். அவள் படத்தை விரலால் பெரிதாக்கி நன்றாகப் பார்த்தாள்.

அப்படியென்றால் வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டாள்.

ஞானசிங் போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மற்ற இடங்கள் போனபோது தான் வருத்தப்படவில்லை என்றார். இது போகக் கூடாது. ஜெஸ்மி வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிற பெண். கொஞ்ச நாளாக அந்தப் பையனோடு போனில் பேசுகிறாள். பேசும்போது சிரிக்கிறாள். சத்வாவில் அவர்கள் இருப்பது நடுவில் பலகை அடித்த ஒற்றை அறை. அவள் சிரிப்பது இந்தப் பக்கம் கேட்கிறது. தன் வேலையால் அது நின்றுபோனால் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் தன்னால் இருக்க முடியாது.

"வேலைய விட்டிருவேன்" என்று சொன்னார். இதை மட்டும் அவரை அறியாமல் தமிழில் சொன்னார்.

நர்ஸ் எழுந்து டார்ச்சை மேசையில் வைத்தாள். பையை மாட்டிக்கொண்டாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"ஜெகினுக்க காது அவனுக்க அப்பன் வழியாக்கும்" என்றாள், அவருடைய ஊர்ப்பக்கத்து முட்டத்துத் தமிழில். "எங்க பக்கம் எல்லாருக்கும் காது ஒழுங்காத்தான் இருக்கு."

ஞானசிங் எழ முயன்றார். மடக்கு நாற்காலி அவரோடு சேர்ந்து எழுந்தது.

"தாய்மாமன்னு யாரும் கிடையாது. நாங்க மூணும் பொண்ணு. நான் எளையவ, லெற்றீசியா. ஷார்ஜால இருக்கேன்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. மேசையைப் பார்த்தார்.

"அந்த டார்ச்சு..." என்றார்.

"அதான் கொள்ளாதுன்னு சொல்லிட்டியளே."

கதவு மூடியது.

வீட்டில் ரெபேக்காள் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவை களவாணி வந்த இடத்தில் தலையில் கைவைத்தாள். காது வந்த இடத்தில் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

"மனுசனுக்கு வாயி இருக்கட்டும். அதுக்கொரு கதவு வேண்டாமா?"

கொல்லத்துக்காரி என்று நினைத்துவிட்டேன் என்றார் ஞானசிங். கொல்லத்துக்காரியிடம் மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ரெபேக்காள் கேட்டாள். கிளிட்டஸுக்கு அடித்துப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. மூன்றாவது இடமும் இப்படித்தான் போனது என்று ரெபேக்காள் சொன்னாள்.

ஜெஸ்மி டியூட்டி முடிந்து வந்தாள். அவளிடம் சொல்லாமல் இருக்க இருவரும் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் நின்று முழுவதையும் கேட்டாள்.

"காதப் பத்தியுமா சொன்னிய?"

ஞானசிங் தலையை ஆட்டினார். அவள் பலகைக்கு அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. பிள்ளை அழுகிறாள் என்றாள் ரெபேக்காள். இல்லை, சிரிக்கிறாள் என்றார் ஞானசிங். இருவரும் பலகையில் காதை வைத்துக் கேட்டார்கள். போனில் யாரிடமோ பேசுகிற மாதிரியும் இருந்தது. அழுகையா சிரிப்பா என்பதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சோறு ஆறிவிட்டது.

மறுநாள் கடையில் ஏசி நின்றிருந்தது. இரண்டு பேர் வந்து சரி செய்தார்கள். முன்பே பழக்கமான ஓர் அரபி தன் தம்பியோடு வந்தார். ஞானசிங் இரண்டு துப்பாக்கிகளுக்குக் குறை சொன்னார். மூன்றாவதற்கு ஒன்றும் சொல்லத் தோன்றாமல் நின்றார். அதை வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் கிளிட்டஸ் போன் செய்தார். லெற்றீசியா தன் அக்காளிடம், ஆளுக்கு வாய் நிற்காது, ஆனால் ஒரு டார்ச்சுகூட விற்கத் தெரியாத மனிதர் துப்பாக்கி விற்று யாரை என்ன செய்துவிடப் போகிறார் என்று சொன்னதாகச் சொன்னார். பையன் வீட்டில் சம்மதம். சாயங்காலம் ஜெகினின் அம்மா ஊரிலிருந்து ரெபேக்காளைக் கூப்பிட்டு நிச்சயத்துக்கு நாள் பேசினாள். ரெபேக்காள் போனை ஞானசிங்கிடம் கொடுக்கவில்லை. அவரை மீன் வாங்க அனுப்பினாள். விசேஷத்துக்கு வாங்கும் விளமீன் இல்லை. சாளை வாங்கிவந்தார்.